விளக்கு எரிந்த பிறகு ஒரு காட்சி

ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுதலாமா என்று யாரையும் கேட்காமல் எழுதுகிறேன். தப்பு என்று பட்டால் மன்னித்து, படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நானும் அம்மாவும் நலம்.

உங்கள் முகவரி டிக்கெட் மாமாவிடம் கிடைத்தது. நம் பழைய தியேட்டர் கவுண்ட்டரில் இருந்தாரே, அவர்தான். பேருந்தில் என்னைக் கண்டுபிடித்து, "நீ எலக்ட்ரீஷியன் பொண்ணுதானே? டார்ச்சு!" என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். எனக்கு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடலாம் போல இருந்தது. சின்ன வயதில் ஸீட் காட்டுகிறவரின் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு திரிந்தேனாம். அந்தப் பெயரை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார். நீங்கள் ஆறு திரை உள்ள பெரிய தியேட்டரில் விளக்கும் ஏசியும் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று அவர்தான் சொன்னார்.

நீங்கள் வீட்டை விட்டுப் போனபோது நான் எட்டாம் வகுப்பு. இப்போது பட்டம் வாங்கி வேலைக்கும் வந்துவிட்டேன். நம் இரண்டு பக்கத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி என்னை நெளிய வைக்கிறாள். அவள் அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில்தான் இருக்கிறாள்.

என் வேலை உங்களுக்குப் பிடிக்கும். ஒரு தொலைக்காட்சியின் பட நூலகம். ஜன்னல் இல்லாத அறை, நாலு மேசை, நாலு ஹெட்போன். பழைய படம், புதுப் படம் எல்லாவற்றையும் பார்த்து, கதையை நாலு வரியிலும் படம் சொல்லும் கருத்தை ஒரு வரியிலும் எழுதித் தர வேண்டும்.

அதில் ஒரு சிக்கல் வந்துவிட்டது. நாம் 'தட்டுப் படம்' என்று சொல்வோமே, அது இப்போது என் மேசையில் இருக்கிறது. கணவன் வேறொருத்தியோடு போய்விடுவான். மனைவி மாவு மில்லில் கூலி வேலை செய்து மகளை வளர்ப்பாள். தினமும் சாப்பிடும்போது அவனுக்கும் ஒரு தட்டு வைப்பாள். எங்களிடம் உள்ள பிரதியில் கடைசிச் சுருள் இல்லை. அவன் மழையில் நனைந்து வாசலில் வந்து நிற்கிற இடத்தோடு அறுந்துவிடுகிறது. முடிவு தெரியாமல் கருத்தை எப்படி எழுதுவது?

சின்ன வயதில் நான் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் கடைசியில் அம்மா மடியில் தூங்கிப்போய்விடுவேன். நீங்களோ எந்தப் படத்திலும் கடைசிக் கால் மணி நேரம்தான் பார்ப்பீர்கள், விளக்குப் போட உள்ளே வரும்போது. சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் நான் ஆரம்பத்தைச் சொல்வேன், நீங்கள் முடிவைச் சொல்வீர்கள். அம்மாவிடமே கேட்கலாம்தான். இந்தப் படத்தைப் பற்றி அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதினேன். வேறு ஒன்றுமில்லை.

பதில் போடுவதானால் அலுவலக முகவரிக்கே போடுங்கள்.

வணக்கத்துடன்,
உங்கள் மகள்


ஜனவரி 27

அன்பு டார்ச்சுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். இதற்கு மேல் எனக்கு எழுத்து நடை வராது. பேசற மாதிரியே எழுதறேன், சிரிக்காதே.

மேனேஜர் உன் கடிதத்தைக் கொண்டுவந்து, "உங்களுக்குக் கடிதாசியா! எந்தக் காலத்துல சார் இருக்கீங்க?"ன்னு கேட்டான். சின்னப் பையன், இந்தத் தியேட்டருக்கே அவன்தான் ராஜா. நான் கவரைப் பிரிக்காம ஏசி பிளாண்ட் ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போயிட்டேன். அங்க இருக்கற இரைச்சல்ல ஒருத்தன் என்ன பண்ணாலும் வெளிய கேட்காது.

தட்டுப் படம் முடிவுதானே? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அவன் உள்ளே வந்து ஒண்ணும் பேசாம அந்தத் தட்டுக்கு முன்னாடி உட்கார்ந்திடுவான். அவ அவனைப் பார்ப்பா. தட்டைப் பார்ப்பா. கண்ணு நிறைஞ்சிடும். அப்புறம் சோறு போடுவா. அவ்வளவுதான். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. தியேட்டர் பூரா மூக்கை உறிஞ்சற சத்தம். உடனே ஜனம் எழுந்திரிக்கும், கடைசி பஸ்ஸைப் பிடிக்கணுமே. நான் சுவர் பக்கம் திரும்பி விளக்குச் சக்கரத்தை மெதுவா, ரொம்ப மெதுவாச் சுத்துவேன். படக்குன்னு போட்டா அழுதுட்டு இருக்கறவங்க மாட்டிக்குவாங்க. கண்ணைத் துடைச்சுக்க நேரம் கொடுக்கணும். அதுதான் என் தொழில்னு நினைச்சிட்டு இருந்தேன். இங்க சக்கரம் கிடையாது, பொத்தான். அமுக்கினா பளீர். இங்க யாரு அழறா? படம் முடியறதுக்குள்ள போனைக் கையில எடுத்துடறாங்க.

கருத்து என்னன்னு கேட்டா, மன்னிக்கிற மனசுதான் பெருசுன்னு எழுதிடு. தப்பா இருந்தா அப்பன் சொன்னான்னு என் மேல போட்டுடு.

எனக்கு ஒண்ணும் குறையில்லை. நின்னுட்டே இருக்கறதால காலு சாயங்காலம் கொஞ்சம் வீங்குது. பட்டம் வாங்கிட்டியாமே. கவரைத் திருப்பித் திருப்பி உன் கையெழுத்தைப் பார்த்தேன்.

உன் அப்பா
(அப்படிப் போட்டுக்கலாமா தெரியலை. போட்டுட்டேன்.)


பிப்ரவரி 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் நலம். கால் வீக்கத்தைச் சும்மா விடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். தாராளமாக அப்படியே போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன முடிவை வைத்து, 'மன்னிக்கும் மனமே பெரிது' என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் பிரிவுத் தலைவி படித்துவிட்டு, "இந்த மாதிரி கருத்தெல்லாம் இப்போ யார் எடுக்கறா?" என்று பெருமூச்சு விட்டு கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாளே என் மேசைக்கு வந்தது போன வருடத்துப் படம். அதிலும் ஒருவன் மனைவியை விட்டுப் போகிறான். அவள் கூரியர் கம்பெனி நடத்துகிறாள். ஸ்கூட்டரில் போகும்போது ஒரு பாட்டு. கடைசியில் அவன் திரும்பி வருகிறான். அவனை வெளியிலேயே நிற்க வைத்து நாலு நிமிடம் பேசுகிறாள். அவன் வாயே திறப்பதில்லை. பேசி முடித்ததும் கதவைச் சாத்துகிறாள். அந்த இடத்தில் தியேட்டரில் விசில் பறந்ததாம். 'சுயமரியாதையே வாழ்வு' என்று எழுதினேன். எடிட்டிங் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பழைய படத்துல கதவைத் திறந்தா சுபம். புதுப் படத்துல கதவைச் சாத்தினா சுபம். நியாயமாப் பார்த்தா விருதைக் கதவுக்குத்தான் கொடுக்கணும்."

சிரித்தேன். ஆனால் அன்று முழுதும் மனது அதிலேயே இருந்தது. பழைய படம் உள்ளே இருப்பவளுக்குப் பொறுமையைச் சொல்லிக் கொடுக்கிறது. புதுப் படம் உள்ளே இருப்பவளுக்குத் தைரியத்தைச் சொல்லிக் கொடுக்கிறது. எல்லா அறிவுரையும் அவளுக்கே. வெளியே நிற்கிறவன் அதற்கு முன்னால் என்ன செய்திருக்க வேண்டும் என்று இரண்டு படமும் ஒரு வரி சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உங்களுக்கு என்ன தோன்றுகிறது? நேரம் இருந்தால் எழுதுங்கள்.

அம்மாவுக்கு வெளுப்பு மருந்தில் விரல்கள் வெடித்திருக்கின்றன. கையுறை கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டால் துணியின் ஈரம் தெரியவில்லை என்று கழற்றிவிடுகிறாள். மற்றபடி நலம்.

உங்களிடம் தொலைபேசி எண் கேட்கவில்லையே என்று தப்பாக நினைக்காதீர்கள். குரலைக் கேட்டால் எனக்குப் பேச வராது.

அன்புடன்,
உங்கள் மகள்


மார்ச் 20

அன்பு டார்ச்சு,

சுகம். உங்க ரெண்டு பேர் சுகத்துக்கும் வேண்டிக்கறேன். பதில் லேட்டு. எழுதி எழுதிக் கிழிச்சுட்டேன்.

நீ கேட்டதுக்கு என்னைப் பதில் சொல்ல வெச்சுட்டியே. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். பழைய படத்துல ஒரு பயம் இருந்தது. பெண்டாட்டியை விட்டுட்டுப் போனவன் சும்மா திரும்பி வர மாட்டான். கண்ணு போயிடும், இல்ல காலு போயிடும், இல்ல இருமி இருமி ரத்தம் வரும். அப்பதான் மன்னிப்பு. இந்தக் காலத்துப் படத்துல தப்பு பண்ணவனுக்குத் தண்டனை ஒரு சோகப் பாட்டுதான், அதையும் வெளிநாட்டுல எடுத்துடறாங்க. இதுல ஒரு கஷ்டம் பாரு. எனக்குக் கண்ணு நல்லா இருக்கு. கால்ல வீக்கம்தான், காலு இருக்கு. அதனால எனக்கு ரெண்டு காலத்துப் படத்துலயும் இடமில்லை போல. சிரிக்கறதுக்காகச் சொன்னேன்.

இங்க இப்போ நான் மட்டும்தான். நான் யாரை நம்பி உங்களை விட்டு வந்தேனோ, அவங்க தன் அண்ணன் வீட்டோட போய் ரெண்டு வருஷமாச்சு. யார் மேலயும் குத்தமில்லை. தியேட்டருக்குப் பின்னாடி ஒரு ரூம் கொடுத்திருக்காங்க. ரெண்டாவது திரையோட சத்தம் சுவர் வழியா வரும். வசனம் புரியாது, எப்ப அழறாங்க எப்ப சண்டைன்னு மட்டும் தெரியும்.

ஒண்ணு கேட்கணும். அம்மாவுக்கு இப்பவும் தட்டுப் படம் ஞாபகம் இருக்குமா? இருந்தா என்ன சொல்லுவா? கேட்கச் சொல்லலை. தானா பேச்சு வந்தா.

அம்மாவோட விரலுக்கு ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே.

உன் அப்பா


ஏப்ரல் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? நாங்கள் நலம். எண்ணெய் தடவுகிறாள். அலுவலகத்தில் ஒரு அக்கா சொன்னதாகச் சொன்னேன்.

போன வாரம் சாப்பிடும்போது பேச்சு வந்தது. தானாக வரவில்லை, நான்தான் கொண்டுவந்தேன். "அம்மா, ஆபீஸ்ல அந்தத் தட்டுப் படம் வந்திருக்கு. கடைசியில அவன் வந்து உட்காருவான் இல்ல? அவ சோறு போடுவா இல்ல?" என்றேன். அம்மாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன், கண் நிறைந்தது. ஏதோ முணுமுணுத்தாள். எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள்.

அம்மா அழுது பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது. நீங்கள் போனபோதுகூட அவள் என் எதிரில் அழவில்லை. உங்களைப் பற்றி ஒரு நாளும் திட்டிப் பேசியதும் இல்லை.

அவளுக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. வீட்டிலேயேதான் இருப்பாள். எங்கள் வீடு மாறவில்லை. வாசல் கதவுக்கு மட்டும் பச்சை வண்ணம் அடித்திருக்கிறோம்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை, அப்பா.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்


மே 30

அன்புள்ள அப்பாவுக்கு,

சௌக்கியமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா?

நீங்கள் வந்துவிட்டுப் போனது எனக்கு மாடி வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். "உங்க வீட்டுக்கு மதியம் ஒரு பெரியவர் வந்தாரே, யாரு? செருப்பை எவ்வளவு ஒழுங்கா ஜோடி சேர்த்து வெச்சிருந்தாரு!" என்றார். நீங்கள் எப்போதும் அப்படித்தானே வைப்பீர்கள், அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே போய் அம்மாவைக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி விரிப்பை மடிக்கிற மாதிரியே வீட்டுப் போர்வையையும் நாலு மூலை சேர்த்து இழுத்து மடிப்பாள், உங்களுக்குத் தெரியுமே.

"ஆமா, வந்தாரு. சாப்பிட்டாரு. போனாரு."

"என்ன பேசினீங்க?"

"நீ லெட்டர் போடறேன்னு சொன்னாரு."

நான் தலை குனிந்து நின்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "உன் அப்பா. எழுதினா என்ன இப்போ?" என்று சொல்லிவிட்டு அடுத்த போர்வையை எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எப்போதும் போலப் பேசுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் நான் அலுவலகத்திலிருந்து வந்ததும் என் பையை ஒரு தடவை பார்க்கிறாள். கடிதம் இருக்கிறதா என்று கேட்பதில்லை.

வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா? நான் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்திருப்பேன். உங்களைப் பார்த்திருப்பேன். என்ன நடந்தது என்று நீங்களாவது எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஜூன் 18

அன்பு டார்ச்சு,

அப்பா ரொம்ப சுகம். இவ்வளவு சுகமா இருந்து எத்தனையோ காலமாச்சு.

உன்கிட்ட முன்னாடியே சொன்னா பயம் வந்து போக மாட்டேன்னு தோணிச்சு. பச்சைக் கதவைப் பார்த்து நிழல்ல ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம் தட்டினேன். உங்க அம்மா திறந்தா. என்னைப் பார்த்தா. நகர்ந்து வழி விட்டா. எனக்கு என்ன பேசறதுன்னே தெரியலை, டார்ச்சு. பஸ்ல வரும்போது பாடம் பண்ணிட்டு வந்ததெல்லாம் போச்சு. அப்ப ஒண்ணு செஞ்சேன். உள்ளே போய் அடுப்படிப் பக்கம் தரையில உட்கார்ந்துட்டேன். அந்தப் படத்துல அவன் உட்கார்ந்த மாதிரியேதான். ஒரு வார்த்தை பேசலை.

அவ கொஞ்ச நேரம் நின்னா. "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டா. இல்லைன்னேன். தட்டு வெச்சு சோறு போட்டா. ரெண்டாவது தடவையும் கேட்காமலே போட்டா. நான் தலையைத் தூக்கலை, தூக்கினா அழுதுடுவேன். சாப்பிட்டு முடிச்சதும் "பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னா. நீ லெட்டர் போடறேன்னு மட்டும் சொல்லிட்டு, சரின்னு கிளம்பிட்டேன். உடனே தங்கிக்கறேன்னு சொன்னா நல்லா இருக்காதே.

நீ அன்னிக்குக் கதவைச் சாத்தற புதுப் படத்தைப் பத்தி எழுதினியே, நான் பயந்துட்டேதான் வந்தேன். உங்க அம்மா அந்தக் காலத்து மனுஷி. சோறு போட்டுட்டா. அதுக்கு மேல நான் என்ன கேட்க?

மேனேஜர்கிட்ட வேலையை விடறேன்னு சொல்லிட்டேன். ஜூலைக் கடைசியில கணக்கு முடிச்சுடுவாங்க. அங்க வந்து ஏதாவது வயரிங் வேலை பார்த்துக்கறேன். அம்மாவை இனிமே அந்த வெளுப்பு மருந்துல கை வைக்க விடக் கூடாது.

அவகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடு.

உன் அப்பா


ஜூலை 9

அன்பு டார்ச்சு,

நலமா? உன்கிட்டருந்து பதிலே வரலையே. வேலை ஜாஸ்தியா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?

ரூமைக் காலி பண்ண ஆரம்பிச்சுட்டேன். சாமான்னு பெருசா ஒண்ணும் இல்லை. ஒரு பெட்டியிலயும் ஒரு கோணியிலயும் அடங்கிடும். என் இடத்துக்கு ஆள் பார்த்துட்டு இருக்காங்க. மேனேஜர் பையன் "வீட்டுக்குப் போறீங்களா சார்?"ன்னு கேட்டான். ஆமாண்டான்னு சொன்னேன். அந்த வார்த்தையைச் சொல்றதுக்கே நல்லா இருந்தது.

முப்பத்தொண்ணாம் தேதி காலை பஸ். அம்மாகிட்ட சொல்லிட்டியா? என்ன சொன்னா? ஒரு வரி போடு போதும்.

உன் அப்பா


ஜூலை 22

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. காத்திருக்க வைத்துவிட்டேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் நலம். உங்கள் கால் எப்படி இருக்கிறது?

வேறு ஓர் ஊர்க் கிடங்கிலிருந்து தட்டுப் படத்தின் முழுப் பிரதி போன வாரம் வந்து சேர்ந்தது. கடைசிச் சுருளை ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. அவன் உட்காருகிறான், அவள் கண் நிறைகிறது, சோறு போடுகிறாள். ஆனால் படம் அங்கே முடியவில்லை. அதன் பிறகும் ஒரு காட்சி இருக்கிறது.

அவன் சாப்பிட்டுவிட்டுத் தன் பழைய மூலையில் துண்டை விரித்துப் படுக்கிறான். அவள் தூங்குகிற மகளைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போகிறாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம். பிறகு விடிகிறது. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மில்லுக்குக் கிளம்புகிறாள். அவன் எழுந்து உட்கார்ந்து அவள் முகத்தையே பார்க்கிறான். அவள் அவனை ஒரு நாற்காலியைச் சுற்றிப் போவது போலச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறாள். கோபமே இல்லை, அப்பா. அதைத்தான் பார்க்க முடியவில்லை. இருப்பதா போவதா என்று தெரியாமல் அவன் உட்கார்ந்திருக்கும்போது திரை இருளுகிறது.

அந்த நேரத்தில் நீங்கள் சுவரைப் பார்த்து நின்றிருப்பீர்கள். ஜனங்கள் பஸ்ஸுக்கு எழுந்திருப்பார்கள். யாரும் பார்க்கவில்லை. பழைய படம் எல்லாம் பொறுத்துப் போகச் சொல்கிறது என்று நானும் உங்களைப் போலத்தான் நம்பினேன். இது அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புதுப் படத்துப் பெண் நாலு நிமிடம் பேசியதைவிட இவள் பேசாமல் போனது கடினமாக இருந்தது. மன்னிப்பு என்று நாமாக எழுதி அதன் மேல் ஒட்டினோம்.

ஒருத்தி மட்டும் அந்தக் காட்சியை ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறாள். ஏப்ரலில் அம்மா அழுதாள் என்று எழுதினேன் அல்லவா? முணுமுணுத்தது என்ன என்று எழுதவில்லை. "அது முடிவு இல்லடி" என்றாள். அவளுக்கு மறந்துபோய் வேறு ஏதோ படத்தைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

சுருளைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து, "நீ சொன்னது சரிம்மா. அதுக்கப்புறம் ஒரு சீன் இருக்கு. உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் எழுந்து போவாங்க. உங்கப்பா விளக்கு வேலை முடிச்சிட்டு வரணுமே. அவருக்காக உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாதா?"

அப்போதுதான் நீங்கள் வரப்போவதைச் சொன்னேன். உங்கள் கடிதத்தில் இருந்தபடியே சொன்னேன், சோறு போட்டதையும் சேர்த்து. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சோறு போட்டா மன்னிச்சாச்சா? பசியோட வந்து உட்கார்ந்தாரு. தரையில, அந்தப் படத்துல வர்ற மாதிரியே உட்கார்ந்தாரு. எனக்கு ஒரு நிமிஷம் சிரிப்பு வந்துடுச்சு, பாவமாவும் இருந்தது. போட்டேன். ஆஸ்பத்திரியில யாரு என்னன்னு தெரியாதவங்க விரிப்பைக்கூடத்தான் துவைச்சுப் போடறேன். அவங்கல்லாம் எனக்கு உறவா?"

"அவர் மாறிட்டாரும்மா."

"மாறியிருக்கட்டும். நல்லா இருக்கட்டும். எனக்கு அவர் மேல கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. கோவம் இருந்திருந்தா ஒருவேளை சேர்த்துக்கிட்டிருப்பேன்."

நான் அழுதேன். எனக்கு அப்பா வேண்டும் என்று சொன்னேன். இவ்வளவு படித்துவிட்டு, சின்னக் குழந்தை மாதிரி அதைத்தான் சொன்னேன். அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தாள். வெடித்த விரல் முடியில் மாட்டியது. பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்:

"உனக்கு வேணும்னா வரட்டும்மா. நான் தடுக்கலை. நர்ஸ் விடுதியில சலவைக்காரங்களுக்கும் கட்டில் தர்றாங்க. அவர் வந்துட்டுப் போனதுமே சூப்பர்வைசர் அம்மாகிட்ட கேட்டு வெச்சுட்டேன், ஒண்ணு காலியா இருக்காம். நீங்க ரெண்டு பேரும் இங்க இருங்க. நான் அங்க போய்ப் படுத்துக்கறேன். செவ்வாய்க்கிழமை வந்து உன்னைப் பார்த்துட்டுப் போறேன்."

மிரட்டவில்லை, அப்பா. எனக்கு ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தாள், என் சந்தோஷம் கெடாமல் இருக்க. நேற்று அவள் தன் புடவைகளைத் தனியாகப் பிரித்து அடுக்கியதைப் பார்த்தேன். ஒரு சின்னப் பையில் அடங்கிவிடும்.

முதல் கடிதத்தில் வேறு ஒன்றுமில்லை என்று எழுதினேன். வேறு எல்லாமே இருந்தது. நீங்கள் வர வேண்டும் என்பதைத் தவிர அந்தக் கடிதத்தில் எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை என்று எழுதியதும் அதற்காகத்தான். நீங்கள் உட்காருவதும் அவள் சோறு போடுவதும் நான் வீட்டுக்கு வரும்போது நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பதும் என்று மனதுக்குள் ஒரு படம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் வேறு ஆளைப் போடுவதற்கு முன்னால் போய்ப் பேசுங்கள். சின்னப் பையன்தானே, வெட்கப்படாமல் கேளுங்கள், கொடுத்துவிடுவான். அறையையும் விட்டுவிடாதீர்கள். காலை நல்ல மருத்துவரிடம் காட்டுங்கள். நான் வந்து உங்களைப் பார்க்கிறேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அம்மா என் பையைப் பார்ப்பதை நிறுத்தட்டும், பிறகு எழுதுகிறேன். இங்கே எங்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நலமாகவே இருப்போம்.

என்றும் உங்கள் மகள்

சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெட்டியைக் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள், அப்பா. வர வேண்டாம்.